‘குருகும் உண்டு’: குறுந்தொகையின் அந்தப் பாடலில் காதல் தொலைந்துவிட்டதா, இன்னும் இல்லையா?

கேள்வி

வணக்கம். குறுந்தொகையின் 25ஆம் பாடலைப் பற்றிச் சில நாள்களாக என் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ஓர் ஐயத்தை இங்கே கேட்கிறேன். கபிலர் பாடிய ஐந்தடிப் பாடல் அது. மாணவியாக இருந்தபோது மனப்பாடம் செய்து, தேர்வில் எழுதி, அத்தோடு மறந்துவிட்டிருந்தேன். அண்மையில் என் வாழ்க்கையில் ஒரு பிரிவு நேர்ந்த பிறகு, ஒரு நள்ளிரவில் அதன் முதல் இரண்டு சொற்கள் தாமாகவே நினைவுக்கு வந்தன. மீதியைத் தேடிப் பிடித்துப் படித்தேன்.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

மேலோட்டமான பொருள் எனக்குத் தெரியும். ‘அவன் என்னோடு கூடிய நாளில் அங்கே வேறு யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டுமே இருந்தான், அவன் சொன்ன சொல்லைப் பொய்யாக்கினால் நான் என்ன செய்வேன், ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு ஒரு குருகு மட்டும் நின்றது’ என்பதுதான் அது. ஆனால் இது காதலை இழந்துவிட்ட பெண்ணின் பாடலா, இழந்துவிடுவோமோ என்று அஞ்சும் பெண்ணின் பாடலா என்பது எனக்கு விளங்கவில்லை. நான் படித்த விளக்கங்களுள் சில, அவன் கைவிட்டுப் போய்விட்டான் என்றே பேசுகின்றன. வேறு சில, அவன் திரும்பி வந்து மணந்துகொள்வான் என்று உறுதியாகச் சொல்கின்றன. பாடலில் எது இருக்கிறது?

இன்னொன்றும் உண்டு. இவ்வளவு பெரிய துயரத்தைச் சொல்ல வந்தவள், ஒரு பறவையின் காலைப் பற்றி ஓர் அடி முழுவதும் ஏன் பேச வேண்டும்? ஐந்து அடியில் ஓர் அடி என்பது சிறிய செலவு அன்று. கடைசி அடியில் ‘உண்டுதான்’ என்று வருவதை, ‘ஆமாம், ஒரு குருகு இருந்தது உண்மைதான்’ என்று நாம் இன்று பேசுவதுபோல எடுத்துக்கொள்ளலாமா என்பதையும் சொல்லுங்கள்.

மறுமொழி 1

அம்மா, பல ஆண்டுகள் தமிழ் கற்பித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். கடைசியாகக் கேட்டதை முதலில் முடித்துவிடலாம். ‘உண்டுதான்’ என்பது ஒரே சொல் அன்று. ‘குருகும் உண்டு’ என்பதோடு வாக்கியத்தின் ஒரு பகுதி முடிகிறது. ‘தான் மணந்த ஞான்றே’ என்பது அடுத்த பகுதி. ‘தான்’ என்பது தலைவனைக் குறிக்கும். செய்யுளின் சீர் அமைப்பால் அந்த இரண்டும் ஒட்டி அச்சாகின்றன. நம் பேச்சு வழக்கின் ‘தான்’ நம் காதில் ஒலிப்பது இயல்பு. என் மாணவர்கள் பலரும் அப்படித்தான் படித்தார்கள்.

அப்படிப் பிரித்துப் பார்த்தால் இன்னொன்று தெரியும். இந்தப் பாடலில் ‘தான்’ மூன்று முறை வருகிறது. தானே கள்வன், தான் அது பொய்ப்பின், தான் மணந்த ஞான்று. ‘யான்’ ஒரே ஒரு முறைதான் வருகிறது, அதுவும் ‘என்ன செய்வேன்’ என்று கையறுநிலையில் கேட்கும்போது மட்டும். கள்வனாக இருந்தவன் அவன், பொய்க்கக்கூடியவன் அவன், மணந்தவன் அவன். அவள் செய்வதற்கென்று பாடலுக்குள் ஒரு செயலும் இல்லை.

இப்போது தங்கள் முதன்மையான கேள்விக்கு வருகிறேன். விடை ‘பொய்ப்பின்’ என்ற ஒரே சொல்லில் இருக்கிறது. அது ‘பொய்த்தால்’ என்று பொருள்படும் நிபந்தனை எச்சம். ‘பொய்த்தான்’ என்று அவள் சொல்லவில்லை. ஆகவே பாடலைச் சொல்லும் அந்தக் கணத்தில் அவன் வாக்கு இன்னும் உடையவில்லை. யார், எந்தச் சூழலில் சொல்வது என்று கூறும் பழைய துறைக் குறிப்பும் இதற்கு ஒத்தே இருக்கிறது. திருமணத்தை அவன் தள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கும் காலத்தில் தலைவி தன் தோழியிடம் சொல்வதாக அமைந்தது இது. ‘வரைவு நீட்டித்தல்’ என்று இந்நிலையைச் சொல்வார்கள். கைவிட்டுப் போனான் என்று எழுதுபவர்கள் நிபந்தனையை நிகழ்ச்சியாக மாற்றிவிடுகிறார்கள். வந்து மணப்பான் என்று உறுதி கூறுபவர்களோ, களவு (மறைவான காதல்) கற்பில் (மணவாழ்வில்) முடியும் என்ற அகப்பொருள் மரபை ஐந்து அடிகளுக்குள் கொண்டுவந்து திணிக்கிறார்கள். மரபு அப்படி இருக்கலாம். பாடல் அதைச் சொல்லவில்லை.

‘அது பொய்ப்பின்’ என்பதில் வரும் ‘அது’ என்ற சுட்டையும் கவனியுங்கள். அவன் என்ன சொன்னான் என்பதை அவள் எடுத்துச் சொல்வதே இல்லை. ‘பிரியேன்’ என்றானா, ‘மணப்பேன்’ என்றானா, நமக்குத் தெரியாது. தோழிக்குத் தெரிந்திருக்கலாம். ஒருவேளை அந்தச் சொற்களைத் தன் வாயால் மறுபடியும் சொல்ல அவளுக்குத் துணிவு இல்லாமல் இருந்திருக்கலாம் என்று எனக்குப் பல முறை தோன்றியிருக்கிறது. பொய்யாகிவிடுமோ என்று அஞ்சும் சொல்லை யாரால் உரக்கச் சொல்ல முடியும்?

இலக்கணத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பாடல் ‘யாரும் இல்லை’ என்று தொடங்கி ‘குருகும் உண்டு’ என்று முடியும் தறுவாய்க்கு வருகிறது. இரண்டிலும் ‘உம்’ இருக்கிறது. முதல் ‘உம்’ முற்றும்மை, ஒருவரையும் விடாமல் துடைத்து அகற்றுகிறது. இரண்டாவது ‘உம்’, அப்படித் துடைத்த பிறகும் எஞ்சி நிற்கும் ஒன்றைத் தயங்கித் தயங்கிக் கொண்டுவருகிறது. யாரும் இல்லை என்று சொல்லி முடித்த பிறகு, இல்லை, இன்னும் ஒன்று இருந்ததே என்று அவளுக்கே நினைவு வருகிறது. அந்த இரண்டு ‘உம்’களுக்கு இடையில் இருப்பதுதான் இந்தப் பாடல் என்பேன்.

மறுமொழி 2

நான் தமிழ் இலக்கியம் முறையாகப் படித்தவன் அல்லன். நீர்நிலைகளில் பறவைகளைப் பார்ப்பது என் பழக்கம். குருகின் காலுக்கு ஏன் ஓர் அடி என்ற கேள்விக்கு மட்டும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

குருகு என்ற சொல் பழந்தமிழில் கொக்கு, நாரை முதலிய பல நீர்ப்பறவைகளுக்குப் பொதுவாக வழங்கியிருக்கிறது. ஆகவே இன்ன பறவைதான் என்று அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன். ஆனாலும் ‘சிறுபசுங் கால்’ என்ற அடையாளத்தைக் கண்டவுடன் எனக்குக் கண்முன் வருவது மடையான் என்று நாம் அழைக்கும் குளத்துக்கொக்குதான். சின்னக் கொக்கின் கால்கள் கறுப்பாகவும் விரல்கள் மட்டும் மஞ்சளாகவும் இருக்கும். மடையானின் கால்களோ மங்கிய மஞ்சளும் பச்சையும் கலந்த நிறத்தில், உடலோடு ஒப்பிட்டால் குட்டையாக இருக்கும். கரையோரத்தில் கழுத்தை உள்ளிழுத்துக் குறுகி நிற்கும்போது அதன் மேனி சேற்றின் நிறத்தில் கரைந்துவிடும். இரண்டு மூன்று அடி தொலைவு வரை நெருங்கிவிட்டு, அது திடீரென்று வெள்ளைச் சிறகை விரித்துப் பறந்த பிறகே அங்கே ஒரு பறவை இருந்தது என்று எத்தனையோ முறை நான் அறிந்திருக்கிறேன். யாரும் இல்லை என்று நினைத்த இடத்தில் ஒன்று இருந்தது என்பது, இந்தப் பறவையைப் பொறுத்தவரை கவிஞர் கற்பனையாகச் சேர்த்தது அன்று. அது அப்படித்தான் நிற்கும்.

தினைத்தாள் என்ற உவமையும் மிக நுணுக்கமானது. தினையின் தண்டு மெலிந்து, பசுமையாக, இடையிடையே கணுக்களோடு இருக்கும். கொக்கின் காலிலும் நடுவே ஒரு மூட்டு புடைத்துத் தெரியும். தொலைவில் நின்று பார்ப்பவருக்கு அந்த மூட்டுத் தெரியாது. அவள் அருகில்தான் இருந்திருக்கிறாள்.

அடுத்தது ஆரல். பாம்பு போல நீண்டு வழவழப்பாக இருக்கும் மீன் அது. மணலிலும் சேற்றிலும் உடலைப் புதைத்து, மூக்கு நுனியை மட்டும் வெளியே நீட்டிக் கிடக்கும் பழக்கம் அதற்கு உண்டு. மேல்மட்டத்தில் துள்ளும் மீனைப் பிடிப்பதைப்போல் ஆரலைப் பிடிக்க முடியாது. அதிலும் நீர் ஒழுகிக்கொண்டிருந்தால் அடியில் அசைவது மீனா, நீரின் நிழலா என்று தெரியாது. ஆகவே ஆரலுக்காகக் காத்திருக்கும் பறவை நீரின் அடித்தரையை விட்டுக் கண்ணை எடுக்கவே எடுக்காது. குருகு என்று மட்டும் சொல்லாமல், ‘ஆரல் பார்க்கும் குருகு’ என்று அவள் சொல்வதன் வலி எனக்கு இங்கேதான் புரிகிறது. இருந்த ஒரே சாட்சியும் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தது.

மறுமொழி 3

மேலே உள்ள இரண்டு மறுமொழிகளும் செறிவானவை. எனினும் ஓரிடத்தில் நான் வேறுபடுகிறேன். குருகை வெறும் சாட்சியாக மட்டும் படிப்பது போதாது என்பது என் கருத்து. அகப்பாடல்களில் பறவை, விலங்கு, மரம் போன்ற கருப்பொருள்கள் சும்மா வருவதில்லை. இயற்கைக் காட்சிக்குள் மறைபொருளை வைத்துச் சொல்ல, உள்ளுறை, இறைச்சி என்று நம் முன்னோர் வகுத்த முறைகள் எல்லாம் அதற்காகத்தான். அசையாமல் நின்று, வழுக்கி ஓடும் மீனுக்காகக் காத்திருந்து, சமயம் வாய்த்ததும் கொத்திக்கொண்டு பறக்கும் பறவை யாரை நினைவூட்டுகிறது? தலைவனைத்தான். அவன் காத்திருந்தான், பெற்றான், போனான். தலைவியின் மனத்தின் அடியில் கிடக்கும் அந்த ஐயம் நேராக வெளிப்பட முடியாமல் பறவையின் வடிவில் வெளிவருகிறது என்று நான் படிக்கிறேன்.

‘கள்வன்’ என்ற சொல்லும் இதற்குத் துணை நிற்கிறது. முதல் அடியிலேயே அவள் அவனைத் திருடன் என்று அழைத்துவிட்டாள். ‘தானே கள்வன்’ என்பதை ‘கள்வன் ஒருவன் மட்டுமே இருந்தான்’ என்று கொள்ளலாம். ‘அவனேதான் திருடன்’ என்றும் கொள்ளலாம். திருட்டு நடந்த இடத்தில் திருடனைத் தவிர வேறு ஆள் இல்லாவிட்டால், களவு கொடுத்தவள் யாரிடம் போய் முறையிடுவாள்? இரண்டாவது பொருளில் படிக்கும்போது இந்தப் பாடல் ஏறத்தாழ ஒரு குற்றச்சாட்டு. ஆகவே ‘பொய்ப்பின்’ என்ற நிபந்தனையை மட்டும் பிடித்துக்கொண்டு, அவள் இன்னும் இழக்கவில்லை என்று முடிவுகட்டுவதை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. நாவில் நிபந்தனை இருக்கிறது. நெஞ்சில் அது எப்போதோ நிகழ்ந்துவிட்டது.

கேட்டவர்

மூவருக்கும் என் நன்றி. மறுமொழிகளைப் படித்த பிறகு, ஏன் இந்தப் பாடல் என்னைத் தேடி வந்தது என்பதைச் சொல்லாமல் இருப்பது சரியில்லை என்று தோன்றுகிறது.

ஒருவரை இரண்டு ஆண்டுகள் நேசித்தேன். வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று அவர் விரும்பினார், நானும் ஒப்புக்கொண்டேன். ஒருவருக்கொருவர் அனுப்பிய செய்திகளை அன்றன்றே அழித்துவிடுவோம். ஒளிப்படம் ஒன்றுகூட எடுத்துக்கொண்டதில்லை. பிறகு அவர் விலகினார். விலகியதைக்கூட என்னால் தாங்கிக்கொள்ள முடிந்தது. ஆனால் இருவருக்கும் பொதுவான நண்பர்கள் கேட்டபோது, ‘நாங்கள் அப்படிப் பழகவே இல்லையே’ என்று அவர் சொன்னார். அதை எனக்கு ஒருவர் வந்து சொன்ன அன்று, என்னையே நான் சந்தேகித்தேன். இரண்டு ஆண்டுகளாக நடந்தது என்று நான் நினைத்துக்கொண்டிருப்பது உண்மையிலேயே நடந்ததா?

அவர் எனக்கு வாக்குக் கொடுத்தது ஒரு கட்டடத்தின் மாடிப்படியில். அந்த நேரத்தில் ஒரு தொழிலாளி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, படிக்கட்டின் கைப்பிடிக் கம்பிக்குச் சாம்பல் நிறச் சாயம் பூசிக்கொண்டிருந்தார். வலது முழங்கை வரை சாயம் தெறித்திருந்தது. தூரிகையைத் தகர டப்பாவின் விளிம்பில் இரண்டு முறை வழித்துவிட்டுத்தான் கம்பியில் வைப்பார். இதெல்லாம் எனக்கு ஏன் இவ்வளவு தெளிவாக நினைவிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அவர் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. என் வாழ்க்கையில் குருகு அவர்தான்.

மூன்றாவது மறுமொழி எழுதியவருக்கு ஒரு சொல். நெஞ்சில் எப்போதோ நிகழ்ந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் விலகுவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே நான் பயந்திருந்தேன். அதனால் அந்த வரியை என்னால் மறுக்க முடியவில்லை. ஆனாலும் அந்தக் காலத்தில் அவரை ஒருநாளும் கள்வன் என்று குற்றம் சாட்டும் குரலில் என்னால் அழைத்திருக்க முடியாது என்பதும் உண்மை.

மறுமொழி 1

அம்மா, தாங்கள் எழுதியதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் எதுவும் எழுத முடியாமல் இருந்தேன். தங்கள் இழப்பைப் பற்றி அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. பாடலைப் பற்றி மட்டும், தாங்கள் கடைசியாகச் சொன்னதையே பிடித்துக்கொண்டு எழுதுகிறேன்.

‘கள்வன்’ என்பது நம் மொழியில் வசைச்சொல் மட்டும் அன்று. திருஞானசம்பந்தர் தம் முதல் பதிகத்தில் சிவபெருமானை ‘உள்ளங்கவர் கள்வன்’ என்று பாடுகிறார். காதலனைக் கள்வன் என்று அழைப்பதில் உரிமையும் கொஞ்சலும் இருக்கின்றன. அகப்பொருளில் திருமணத்துக்கு முந்தைய காதலுக்கே ‘களவு’ என்றுதானே பெயர்? எனவே இந்தச் சொல்லில் குற்றச்சாட்டு மட்டுமே உண்டு என்று படித்தால், பாடலின் பாதி போய்விடும். கொஞ்சலாக அவனுக்கு இட்ட பெயர் ஒருநாள் உண்மையாகவே அவனுக்குப் பொருந்திவிடுமோ என்ற அச்சம்தான் அங்கே இருக்கிறது. ஒரே சொல் இரண்டு பக்கமும் சாயும் நிலையில் நிற்கிறது. எந்தப் பக்கம் சாயும் என்பதை அவன்தான் முடிவு செய்வான்.

குருகு தலைவனைக் குறிக்கிறது என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அதை முதற்பொருளாக வைத்தால், குருகை வேட்டைக்காரனாக ஆக்கினால், அவள் கண்ட அந்த மெல்லிய பச்சைக் கால்களை என்ன செய்வது? வெறுப்போடு நினைக்கும் ஒன்றின் காலை யாரும் தினைத்தாளுக்கு ஒப்பிட மாட்டார்கள். தினை அவளுடைய பயிர். குறிஞ்சிநிலத்துப் பெண்கள் தினைப்புனம் காத்து, கதிரில் வந்து விழும் கிளிகளை விரட்டுவதைச் சங்கப்பாடல்களில் திரும்பத் திரும்பக் காண்கிறோம். அதாவது நாள் முழுதும் பறவைகளைக் கவனிப்பதே இவளைப் போன்ற பெண்ணின் வேலை. அப்படிப்பட்டவள் தன் வாழ்க்கையின் மிகப் பெரிய நாளிலும் ஒரு பறவையைக் கவனித்திருக்கிறாள், தனக்கு மிகப் பழக்கமான பொருளைக்கொண்டு அதன் காலை அளந்திருக்கிறாள். குருகும் ஆரலும் நீர்நிலத்துக்கு உரியவையாயிற்றே, இது எப்படிக் குறிஞ்சிப் பாட்டாகும் என்று சிலர் கேட்பதுண்டு. ‘திணை மயக்குறுதலும் கடிநிலை இலவே’ என்று, அதாவது திணைகள் ஒன்றோடொன்று கலப்பதற்குத் தடை இல்லை என்று, தொல்காப்பியம் அதற்கு இடம் கொடுக்கிறது. இலக்கணத்தின் இசைவு ஒருபுறம் இருக்க, நீர்ப்பறவையின் காலில் தன் மலைநிலத்துத் தினையை அவள் கண்டுவிட்டாள் என்பதே எனக்குப் போதும்.

தங்கள் தொழிலாளியின் தூரிகையைப் பற்றிப் படித்தபோது, பல ஆண்டுகள் வகுப்பில் சொல்லியும் எனக்கே முழுதும் பிடிபடாத ஒன்று பிடிபட்டது. குருகின் கால் அந்தப் பாடலில் அலங்காரம் அன்று. அது சான்று. அன்று நடந்தது உண்மை என்பதற்கு அவளிடம் ஆள் இல்லை, எழுத்து இல்லை, பொருள் இல்லை. ஆனால் அந்தப் பறவையின் கால் எந்த நிறம், எவ்வளவு மெல்லியது, நீர் தேங்கி நின்றதா ஓடியதா, அதில் கிடந்தது என்ன மீன் என்பது வரை அவளால் சொல்ல முடியும். அங்கே இல்லாதவளால் அதைச் சொல்ல முடியாது. ‘நான் அங்கே இருந்தேன்’ என்பதை அவள் தோழிக்கு மெய்ப்பிக்கும் ஒரே வழி அது. தோழி ஐயப்படாவிட்டாலும், தனக்குத்தானே மெய்ப்பித்துக்கொள்ள வேண்டிய தேவை அவளுக்கு இருந்திருக்கும்.

மறுமொழி 4

சான்று என்ற சொல் வந்துவிட்டதால், அதோடு தொடர்புடைய இரண்டு செய்திகளைச் சேர்க்கிறேன்.

தொல்காப்பியக் கற்பியலில் ‘பொய்யும் வழுவும் தோன்றிய பின்னர், ஐயர் யாத்தனர் கரணம் என்ப’ என்று ஒரு நூற்பா உண்டு. காதலர்களிடையே பொய்யும் வழுவும் வந்த பிறகுதான் பெரியோர் திருமணச் சடங்குகளை வகுத்தார்கள் என்பது அதன் கருத்து. சூள் உரைத்துக் கூடிவிட்டுப் பிறகு ‘அறியேன்’ என்று சொல்வதைப் ‘பொய்’ என்றே உரை விளக்குகிறது. இந்த நூற்பாவையும் ‘தானது பொய்ப்பின்’ என்ற தொடரையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ‘பொய்’ என்ற ஒரே சொல்தான் இரண்டு இடத்திலும் நிற்கிறது. ஒன்று விதியாகப் பேசுகிறது, மற்றொன்று அந்த விதி ஏன் தேவைப்பட்டது என்பதை ஒரு பெண்ணின் குரலில் பேசுகிறது. ஊரைக் கூட்டிச் செய்யும் கரணத்தின் பயன் என்ன? பலர் பார்க்கிறார்கள் என்பதே முதன்மையான பயன். இவளுக்கு வாய்த்ததோ பார்க்காத ஒரு குருகு.

இரண்டாவது, அகநானூற்றின் 256ஆம் பாடல். பரத்தையோடு புதுப்புனல் ஆடிவிட்டு வந்த தலைவனை வீட்டுக்குள் விடாமல் வாயில் மறுக்கும் தோழி, ஒரு பழைய நிகழ்ச்சியை உவமையாகச் சொல்கிறாள். கள்ளூரில் ஒருவன் ஓர் இளம்பெண்ணின் நலத்தை நுகர்ந்துவிட்டுப் பின்னர் அவளை ‘அறியேன்’ என்று சூளுரைத்தான். ஊர் அவையத்தார் அறிந்த சாட்சிகளை வினவி உண்மையைக் கண்டார்கள், அவனை மரக்கிளையில் இறுகக் கட்டினார்கள், தலையில் நீற்றைக் கொட்டினார்கள். அன்று எழுந்த ஆரவாரத்தைவிட இன்று உன்னைப் பற்றி எழுந்த அலர் (ஊர்ப்பேச்சு) பெரிது என்கிறாள் தோழி. சாட்சியை அந்தப் பாடல் ‘அறிகரி’ என்று குறிக்கிறது. கரி என்றால் சாட்சி.

எனக்கு இந்த இரண்டு பெண்களையும் சேர்த்தே நினைக்கத் தோன்றும். கள்ளூர்ப் பெண்ணுக்குக் கரி கிடைத்தது, அவையம் கிடைத்தது. நீதியும் ஒருவகையில் கிடைத்தது, அவன் அன்பு கிடைத்ததா என்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கபிலரின் தலைவிக்கு இவை ஒன்றும் இல்லை. ஆனாலும் அவள் அவையத்தைத் தேடவில்லை, தண்டனையைக் கேட்கவில்லை. ‘யான் எவன் செய்கோ’ என்று தோழியிடம் மட்டும் கேட்கிறாள். ‘எவன்’ என்ற சொல்லே வினாவை முடித்துவிட்டது. ‘செய்கோ’வின் இறுதியில் நிற்கும் அந்த ஓகாரம் இரக்கத்தின் ஓசை என்றே நான் படிக்கிறேன். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், அந்த இடத்தில் மூச்சு நீண்டு போகும்.

மறுமொழி 3

நான் என் கருத்தைச் சற்றே மாற்றிக்கொள்கிறேன். குருகைத் தலைவனாகப் படிப்பதை முற்றும் கைவிடவில்லை, ஆனால் அதைப் பின்னால் தள்ளி வைக்கிறேன். தினைத்தாளைப் பற்றி முதல் மறுமொழியாளர் சொன்னதற்கு என்னிடம் விடை இல்லை.

இன்னொன்று இப்போதுதான் கண்ணில் பட்டது. ‘யாரும் இல்லை’ என்பதில் காலம் இல்லை. ‘இல்லை’ என்பது குறிப்பு வினை. அன்று யாரும் இருக்கவில்லை என்றும் பொருள்படும், இன்று எனக்கு யாரும் இல்லை என்றும் பொருள்படும். பாடலின் கடைசிச் சொல்லாகிய ‘ஞான்று’ வரும் வரை, அவள் எந்த நாளைப் பற்றிப் பேசுகிறாள் என்பது கேட்பவருக்கு உறுதிப்படுவதே இல்லை. முதல் முறை கேட்கும் தோழிக்கு ‘யாரும் இல்லை’ என்ற தொடக்கம் இன்றைய தனிமையாகவே ஒலித்திருக்கும். இறுதியில் ‘தான் மணந்த ஞான்றே’ என்று வந்ததும்தான் அது அந்த நாளுக்குத் திரும்பிச் செல்கிறது. மணத்தல் என்றால் அங்கே கூடுதல் என்பதே பொருள். இருந்தாலும் அந்தச் சொல்லையே அவள் தேர்ந்துகொண்டதில், தன்னளவில் மணம் முடிந்துவிட்டது என்ற எண்ணமும் கேட்கிறது.

மறுமொழி 2

ஒரு சிறு செய்தியைச் சேர்க்க விரும்புகிறேன். மடையானோ வேறு கொக்கோ மீனைக் குறிபார்த்து நிற்கும்போது அதன் கண் நீரில்தான் இருக்கும் என்று முன்பு எழுதினேன். அது உண்மை. ஆனால் மனிதர் நடமாட்டம் மிரட்டும்படியாக இருந்தால் அது அங்கே நிற்காது, பறந்துவிடும். அவர்கள் இருவரும் அருகில் இருந்தபோதும் அது பறக்கவில்லை. அப்படியானால் அவர்கள் இருப்பது அதற்குத் தெரிந்திருக்கிறது, அவர்களால் தனக்குத் தீங்கில்லை என்றும் அது கருதியிருக்கிறது. பறவைகளைப் பார்ப்பவனாக இதை மட்டும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். கண் திரும்பவில்லை என்பதால் அது அறியவில்லை என்று ஆகிவிடாது.

கேட்டவர்

கடைசியாக எழுதப்பட்டதைப் படித்துவிட்டு இன்று மாலை அந்த மாடிப்படிக்குப் போனேன். பிரிவுக்குப் பிறகு அங்கே போவது இதுவே முதல் முறை. கைப்பிடிக் கம்பியில் சாம்பல் நிறச் சாயம் அப்படியே இருக்கிறது. மூன்றாம் படிக்கு நேராக, கம்பியின் அடிப்பக்கத்தில், சாயம் வழிந்து ஒரு துளியாகத் திரண்டு உறைந்திருக்கிறது. விரலால் தொட்டுப் பார்த்தேன். அன்றைக்கு அந்தத் தொழிலாளி வேலையை நிறுத்திவிட்டு எங்களுக்காகச் சற்று ஒதுங்கி வழிவிட்டார் என்பதும், முகத்தைத் திருப்பாமலே அப்படிச் செய்தார் என்பதும் அப்போது நினைவுக்கு வந்தன. நாங்கள் இருந்ததை அவர் அறிந்திருந்தார்.

பாடலை அங்கே நின்று ஒரு முறை வாய்விட்டுச் சொன்னேன். ‘செய்கோ’ என்ற இடத்தில் மூச்சு நீண்டது.